புழு தலைதூக்கிச் செத்தால்: இந்தியத் தேனீயைத் தாக்கும் சாக்புரூட் நோய்க்கு என்ன வழி?

குமரி மாவட்டத்தின் மலையோரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கேட்டது இது: "புரட்டாசியில் பத்துப் பெட்டி இந்தியத் தேனீ வாங்கினேன். இப்போது கார்த்திகை. மூன்று பெட்டிகளில் புழுக்கள் அறைக்குள்ளேயே தலையைத் தூக்கியபடி செத்துக் கிடக்கின்றன. நாற்றம் எதுவும் இல்லை. தெரிந்தவர் ஒருவர் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைச் சீனிப் பாகில் கரைத்து வைக்கச் சொல்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு இத்தாலியத் தேனீ வாங்கச் சொல்கிறார். நல்ல பெட்டியிலிருந்து புழு அடை எடுத்து நோய்ப் பெட்டிக்கு வைத்தால் தேறுமா? அந்தப் பெட்டியின் தேனைச் சாப்பிடலாமா?"

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேப்ஸ்யூல் வேண்டாம். எந்தப் பெட்டியிலிருந்தும் எந்தப் பெட்டிக்கும் இன்றிலிருந்து ஓர் அடையைக்கூட மாற்ற வேண்டாம். நோய் கண்ட மூன்றையும் கடைசியாகத் திறங்கள். நல்லவை ஏழையும் பார்த்து முடித்த பிறகுதான் அவற்றின் பக்கம் போக வேண்டும். இந்த மூன்றையும் இன்றே தொடங்கினால் மற்ற ஏழு பெட்டிகளைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஏன் என்பதை இனி விளக்குகிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் இது தாய்லாந்து சாக்புரூட் என்கிற வைரஸ் நோய். உறுதி செய்துகொள்ள ஒரு வேலை செய்யுங்கள். காலை வெயில் ஏறியதும் புழு அடையுள்ள சட்டம் ஒன்றைத் தூக்கி, தேனீக்களை மெதுவாக உதறிவிட்டு, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று அறைகளுக்குள் பாருங்கள். ஆரோக்கியமான இளம் புழு பளிச்சென்ற வெள்ளையில் அறையின் அடியில் சுருண்டு கிடக்கும். நோய் கண்டது அப்படி இராது. அறையின் நீளத்துக்கு மல்லாந்து நீட்டிக் கிடக்கும். தலைப்பக்கம் மட்டும் படகின் முனைபோல் மேலே தூக்கி நிற்கும். நிறம் வெள்ளையிலிருந்து வெளிர் மஞ்சளாகி, பிறகு தலையிலிருந்து பழுப்பேறத் தொடங்கும். இப்போது ஒரு சிறு இடுக்கியால் தலைப்பக்கம் பிடித்து மெல்ல இழுங்கள். உடல் கிழியாமல் முழுதாக வெளியே வரும். தோல் தடித்து ஒரு பையாகத் தொங்கும், உள்ளே தெளிந்த நீர் நிற்கும். அது வந்துவிட்டால் வேறு சோதனை தேவையில்லை. காய்ந்துபோன புழுவாக இருந்தால் கருத்த செதிலாகி அறையில் ஒட்டாமல் கிடக்கும். சட்டத்தைக் கவிழ்த்துத் தட்டினால் விழுந்துவிடும்.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் நோயின் போக்கே புரிந்துவிடும். புழு கூட்டுப்புழுவாக மாறுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை தோலுரிக்க வேண்டும். வைரஸ் தாக்கிய புழுவால் அந்தத் தோலைக் கழற்ற முடியாது. பழைய தோலுக்கும் உடலுக்கும் நடுவே தோலுரிப்பு நீர் தேங்கி, அதற்குள்ளேயே புழு செத்துப்போகும். அந்த நீர் முழுவதும் வைரஸ். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் தேனீ வைரஸ்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த லெஸ்லி பெய்லி, சாக்புரூட்டில் செத்த ஒரே ஒரு புழுவில் இருக்கும் வைரஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டங்களின் புழுக்கள் அத்தனைக்கும் நோய் தரப் போதும் என்று எழுதியிருக்கிறார்.

செத்த புழுவை வெளியேற்றுவது இளம் பணித் தேனீக்களின் வேலை. மூடியைக் கடித்துத் திறந்து இழுக்கும்போது அந்தத் தோல் கிழியும், நீரை அவை உறிஞ்சும். வைரஸ் அவற்றின் தலையிலுள்ள உணவுச் சுரப்பிகளுக்குப் போய்ச் சேரும். அதே தேனீ அடுத்த நாள் இரண்டு நாள் வயதுப் புழுவுக்குப் பால் ஊட்டும். அந்த வயதில்தான் புழுவுக்கு நோய் எளிதாகத் தொற்றும். பால் ஊட்டிய தேனீயிடம் வெளியே தெரியும் அடையாளம் எதுவும் இருக்காது. ஆகவே பெட்டிக்குள் புழு சாகாமல் இருக்கிறது என்பதால் அது நோயில்லாத பெட்டி என்று நினைத்துவிடக் கூடாது. நீங்கள் புரட்டாசியில் வாங்கும்போது அடை பார்க்க நன்றாகவே இருந்திருக்கும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, மகரந்தம் வரத் தொடங்கி, இராணி முட்டை வைப்பதை வேகப்படுத்தும் ஐப்பசி, கார்த்திகையில் இளம் புழுக்கள் ஏராளமாகும்போது நோய் வெளிப்படுகிறது. விற்றவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

சாக்புரூட் என்பது பழைய நோய். 1913ல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த ஜி. எஃப். வைட் அதை வடிகட்டியையும் கடந்துபோகும் நோய்க்கிருமி என்று காட்டினார். ஐரோப்பியத் தேனீயில், அதாவது நாம் இத்தாலியத் தேனீ என்று சொல்வதில், அது பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு வந்து தானாகவே போய்விடும். நம் இந்தியத் தேனீயில் கதை வேறு. 1976ல் தாய்லாந்தில் இந்த இனத் தேனீக்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தபோதுதான் இது தனி வகை வைரஸ் என்று அடையாளம் கண்டார்கள். 1978ல் இந்தியாவின் வடகிழக்கில், மேகாலயத்தில் தெரிந்தது. 1991, 1992ல் கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றிலும் புகுந்தது. தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அப்போது அழிந்ததாகக் கணக்குகள் சொல்கின்றன.

உங்கள் மாவட்டத்துக்கு இது எவ்வளவு பெரிய இடி என்பதை நினைத்துப் பாருங்கள். 1910களில் திருச்சியை மையமாக வைத்துப் பணியாற்றிய பாதிரியார் நியூட்டன் நம் தேனீயின் உடல் அளவுக்கு ஏற்ற பெட்டியை வடிவமைத்தார். இன்றும் நியூட்டன் பெட்டி என்று அவர் பெயரில்தான் அது விற்கிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் ஏழை விவசாயிகளுக்குத் துணைத்தொழிலாகத் தேனீயைக் கொண்டுசேர்த்தார். அங்கிருந்து வீட்டுக்கு வீடு பரவி, மார்த்தாண்டம் என்றாலே தேன் என்று ஆன ஊரில், வரிசை வரிசையாகப் பெட்டிகள் வெறும் மரக்கட்டையாக நின்றன. அந்தத் தொழிலையே விட்டுப் போனவர்கள் நிறைய.

அந்தக் காலத்திலும் ஆளாளுக்கு மருந்து தேடினார்கள். பாகில் ஆன்டிபயாடிக் கலந்தார்கள். அது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. வைரஸை ஒன்றும் செய்யாது. கேட்டால், "நான் வைத்தேன், தேறிவிட்டது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சில கூட்டங்கள் மருந்தில்லாமலும் தேறும், அந்தப் பெயர் மருந்துக்குப் போய்விடுகிறது. கெடுதலோ நிச்சயம். தேனீயின் குடலில் அதன் செரிமானத்துக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் வேண்டிய நல்ல பாக்டீரியாக்கள் உண்டு. டெட்ராசைக்ளின் அவற்றையும் சேர்த்துக் கொல்கிறது. ஏற்கெனவே தளர்ந்த கூட்டம் இன்னும் தளரும். கூடவே மருந்தின் எச்சம் தேனில் தங்கும். 2010ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியத் தேனை வாங்குவதை நிறுத்தியபோது சொன்ன காரணங்களில் ஆன்டிபயாடிக் எச்சமும் ஒன்று. ஒருவர் பாகில் கரைக்கும் கேப்ஸ்யூல் அவர் பெட்டியோடு முடிவதில்லை. தேன் எல்லாம் ஒரே பீப்பாயில் ஊற்றப்படும் கூட்டுறவு வியாபாரத்தில் மொத்த ஊரின் சரக்கும் கெட்டுப்போகும்.

அப்படியென்றால் 1992க்குப் பிறகு இந்தியத் தேனீ எப்படித் திரும்ப வந்தது? சாகாமல் எஞ்சிய கூட்டங்களிலிருந்து வந்தது. நூறு பெட்டியில் ஐந்தோ ஆறோ தாக்குப்பிடித்தன. காட்டு மரப்பொந்துகளிலும் பாறை இடுக்குகளிலும் மனிதக் கை படாத கூட்டங்கள் சில தப்பின. அவற்றைப் பிரித்துப் பெருக்கித்தான் வளர்ப்பவர்கள் மறுபடி எழுந்தார்கள். அவற்றின் பணித் தேனீக்கள் நோய்ப் புழுவைச் சீக்கிரம் கண்டுபிடித்து, நீர் தேங்கி முற்றும் முன்பே இழுத்து எறிகின்றன. இந்தக் குணம் இராணி வழியாகவும் ஆண் தேனீ வழியாகவும் வாரிசுகளுக்கு இறங்குகிறது. எனக்குத் தெரிந்தவரை இந்த நோய்க்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது. பணத்தைச் செலவழிக்க நினைத்தால் நல்ல இராணிக்கு வேண்டிய ஏற்பாட்டில் செலவழியுங்கள்.

இனி உங்கள் மூன்று பெட்டிகள். ஒவ்வொன்றிலும் புழு அடையில் எவ்வளவு பங்கு கெட்டிருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் செத்து, தேனீக்கள் இரண்டு சட்டத்தைக்கூட மூட முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டதென்றால் அந்தக் கூட்டத்தை நிறுத்திவைப்பதில் பயனில்லை. நெஞ்சு பொறுக்காதுதான், ஆனாலும் அது ஊருக்கே வைரஸ் வழங்கும் இடமாக நிற்கும். வலுவிழந்த பெட்டியை மற்றக் கூட்டத்துத் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும், வரும்போது தேனோடு வைரஸையும் எடுத்துப் போகும். அப்படிப்பட்டதை மாலையில் வாயிலை அடைத்து அப்புறப்படுத்தி அழித்துவிடுங்கள்.

நடுத்தரமாகத் தாக்கப்பட்டது என்றால் இரண்டு வேலை. முதலாவது, செத்த புழு மிகுந்த அடைகளை எடுத்துவிடுங்கள். எரிக்கலாம்; அல்லது கொதிநீரில் போட்டு மெழுகாக உருக்கலாம். மெழுகு உருகிக் கொதிக்கும் சூட்டை இந்த வைரஸ் தாங்காது. மிஞ்சிய தேனீக்கள் அடையின் இரு பக்கமும் இடைவெளி இல்லாமல் மூடி நிற்கும் எண்ணிக்கைக்குச் சட்டங்களைக் குறைத்து, தடுப்புப் பலகையால் அறையைச் சுருக்குங்கள். புழு வளர 34, 35 டிகிரி வெப்பம் நிலையாக வேண்டும். ஆள் குறைந்த கூட்டத்துக்குப் பெரிய அறையைச் சூடாக்குவதிலேயே பாதிச் சக்தி போய்விடும், இறந்ததை இழுத்துப்போட ஆளிருக்காது.

இரண்டாவதுதான் முக்கியம்: புழு வளர்ப்பைச் சில காலம் நிறுத்துங்கள். இந்தியத் தேனீயில் முட்டையிட்டதிலிருந்து பணித் தேனீ வெளிவர ஏறக்குறைய 19 நாள் ஆகும். இராணியை மூன்று வாரம் கம்பிவலைக் கூண்டில் வைத்துப் புழு அடைக்கு நடுவே தொங்கவிட்டால் அந்த இடைவெளியில் பழைய புழுக்கள் எல்லாம் ஒன்று தேனீயாகிவிடும், இல்லையென்றால் செத்து வெளியேற்றப்பட்டுவிடும். வைரஸுக்கு வேண்டிய இரண்டு நாள் வயதுப் புழு ஒன்றுகூட இராது. நோய் தாங்கிய இளம் தேனீக்களும் வயதேறி வெளிவேலைக்குப் போய்விடும். வைரஸ் தொற்றிய தேனீ மகரந்தம் உண்பதைக் குறைத்து வழக்கத்தைவிடச் சீக்கிரமே புழு பராமரிப்பை விட்டு வெளியே பறக்கத் தொடங்கும் என்பதும் ஆய்வில் தெரிந்தது. நாம் கொடுக்கும் மூன்று வாரம் அந்த இயற்கை விலகலுக்கு உதவியாக அமைகிறது. அறைகளில் காய்ந்து கிடக்கும் செதில்களும் சில வாரத்தில் வீரியம் இழக்கும்.

இராணியைப் பெட்டியை விட்டே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். இந்தியத் தேனீயில் அதைச் செய்யாதீர்கள். இராணியின் வாசம் அற்றுப்போனால் நம் தேனீயில் பணித் தேனீக்களே முட்டை வைக்கத் தொடங்குவது மிக விரைவில் நடக்கும். ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை, தாறுமாறாக ஒட்டி இருப்பது கண்ணில் பட்டால் அதுதான். அவை எல்லாம் ஆண் தேனீயாகவே வரும், அந்தக் கூட்டத்தைத் திருப்புவது பெரும்பாடு. கூண்டின் வலைக்கண் வழியாகப் பணித் தேனீக்கள் இராணிக்கு ஊட்டும், வாசமும் பரவும், கூட்டமும் ஓடிப்போகாமல் நிற்கும். கூண்டில் வைத்த நாளையும் திறக்க வேண்டிய நாளையும் பெட்டி மூடியில் சாக்பீஸால் எழுதி வையுங்கள்.

கூண்டைவிட மேலான வழி ஒன்று உண்டு. உங்கள் ஏழு பெட்டிகளில் நோயே காட்டாமல், ஆள்பலத்தோடு நிற்கும் ஒன்றை அடையாளம் கண்டு, அது இராணி அறை (புது இராணி வளரும் அறை) கட்டும் காலம் வந்ததும் முற்றிய இராணி அறை ஒன்றை அடைத் துண்டோடு வெட்டி எடுத்து, நோய்ப் பெட்டியின் பழைய இராணியை நீக்கிவிட்டு அங்கே பொருத்துவது. அடையை மாற்றாதே என்று மேலே சொன்னேன்; இந்தச் சிறு துண்டு நல்ல பெட்டியிலிருந்து நோய்ப் பெட்டிக்கு ஒருவழியாகப் போகிறது, திரும்பி வருவதில்லை, ஆகவே சரி. புது இராணி வெளிவந்து, பறந்து இணைந்து, முட்டை வைக்கத் தொடங்குவதற்குள் பத்து, பன்னிரண்டு நாள் கடந்துவிடும். புழு இல்லாத இடைவெளியும் கிடைக்கும், நல்ல இரத்தமும் வரும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பிரிந்து போகும் ஆசையால் அறை கட்டும் பெட்டியைவிட, நோய் தாங்கி நிற்கும் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதுதான் கணக்கு. இரண்டும் ஒன்றாக அமைந்தால் அதிர்ஷ்டம்.

நீங்கள் கேட்டது இதற்கு நேர் எதிர்: நல்ல பெட்டியின் புழு அடையை நோய்ப் பெட்டிக்கு வைப்பது. அது செய்யும் உதவியைவிடத் தீங்கே அதிகம். புதுப் புழுக்களை வைரஸுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கிறீர்கள், நல்ல பெட்டியின் பலத்தையும் குறைக்கிறீர்கள். பிறகு எப்போதாவது மறந்து அந்தச் சட்டத்தைத் திருப்பி எடுத்துவந்துவிட்டால் முடிந்தது. தென்னிந்தியாவில் இந்த நோய் இவ்வளவு வேகமாகப் பரவியதில் பறக்கும் தேனீயின் பங்கைவிட மனிதக் கையின் பங்கு பெரிது என்பது என் உறுதியான கருத்து. இந்தியத் தேனீ உணவு தேடி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான் சுற்றும். மாவட்டம் விட்டு மாவட்டம், மாநிலம் விட்டு மாநிலம் ஓரிரு பருவத்தில் நோய் போனதென்றால் லாரியில்தான் போயிருக்க வேண்டும்.

இங்கேதான் ரப்பர் பருவம் வருகிறது. தை பிறக்கும்போது ரப்பர் இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும். மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் மது துளிர்த்து நிற்கும். குமரியிலும் கேரளத்திலும் தேன் வருமானத்தில் பெரும்பங்கு இந்த ஓரிரு மாதத்தில் கிடைப்பது. அதற்காக ஒரே தோட்டத்தில் பலருடைய நூற்றுக்கணக்கான பெட்டிகள் வந்து இறங்குகின்றன. யார் பெட்டியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் தோட்டத்துக்கே வெளியாட்கள் பெட்டி வைக்க அனுமதி கேட்டால், இறக்கும் முன் இரண்டு பெட்டியையாவது திறந்து புழு அடையைக் காட்டச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் மாடு வாங்குவதில்லை.

பருவத்துக்கு முன் மூன்று வாரம் இராணியை அடைத்தால் தேன் போய்விடாதா என்ற கவலை நியாயமானது. கணக்கைப் பாருங்கள். இன்று இட்ட முட்டை தேனீயாக 19 நாள், அது வெளியே போய் மது கொண்டுவரத் தொடங்க இன்னும் இரண்டு மூன்று வாரம். ஆக ஏறக்குறைய 40 நாள். கார்த்திகைக் கடைசி வரை அடைத்து வைத்துவிட்டு மார்கழித் தொடக்கத்தில் இராணியைத் திறந்தால், புதுப் படை வேலைக்கு வருவது தையின் பிற்பகுதியில். அந்த மூன்று பெட்டிகளில் முதல் அறுவடை போகும். பின் பாதி உங்கள் கையில் நிற்கும். அடைக்காமல் விட்டால் தை வருவதற்குள் அவற்றில் பெட்டி மட்டுமே மிஞ்சும். சீனிப் பாகை ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் கரைத்து, இருட்டும் நேரத்தில், பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெளியே சிந்தினால் கொள்ளை தொடங்கும். கடைத் தேனையோ வேறு பெட்டித் தேனையோ ஒருபோதும் ஊட்டக் கூடாது.

வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியது கை. ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உளியை நெருப்பில் காட்டுங்கள். நோய்ப் பெட்டிகளுக்குத் தனியாக ஓர் உளியும் தூரிகையும் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. காலியான பெட்டியை மறுபடி பயன்படுத்தும் முன் மெழுகும் பிசினும் சுரண்டி, சலவைச் சோடா கலந்த வெந்நீரில் தேய்த்து, நல்ல வெயிலில் காய வையுங்கள். தேன் பிழியும் கருவியையும் விட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் இரவல் பொருள், ஊரைச் சுற்றி வருவது. பெட்டி வாயில்களை ஒரே திசையில் வரிசையாக வைக்காமல் மாற்றி மாற்றித் திருப்பினால் தேனீக்கள் வழி தவறிப் பக்கத்துப் பெட்டியில் நுழைவது குறையும்.

அக்கம்பக்கத்தாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இராணி பறந்துபோய் வானத்தில் பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களோடு இணைகிறது. அந்த ஆண்கள் யாருடைய பெட்டியிலிருந்தும் வரலாம். நீங்கள் ஒருவர் மட்டும் நல்ல இராணி வளர்த்தால் பாதிப் பலன்தான். சுற்றியிருப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, தாங்கி நின்ற கூட்டங்களிலிருந்து மட்டுமே பிரிப்பது, நோயில் விழுந்து எழுந்த பெட்டியிலிருந்து இராணி எடுப்பதில்லை என்று ஒத்துக்கொண்டால் சில ஆண்டுகளில் அந்தப் பகுதியின் தேனீயே மாறும். பழைய மரப்பொந்தில் கூட்டம் இருந்தால் தேனுக்காகக் கொளுத்தாமல் விடுங்கள். நமக்கு வேண்டிய ஆண் தேனீக்கள் அங்கேயும் பிறக்கின்றன.

அடுத்து, இத்தாலியத் தேனீ. 1960களில் இமாச்சலத்தின் நக்ரோட்டாவில் வேரூன்றி வட இந்தியாவை நிறைத்த இனம் அது. தென்னாட்டில் சாக்புரூட் அடித்த பிறகு பலர் அதற்கு மாறினார்கள். இந்த நோய் அதை இப்படி வீழ்த்தாது, தேனும் அதிகம் தரும், உண்மைதான். ஆனால் அது வேறு நோய்க் கணக்கோடு வருகிறது. வரோவா என்ற சிவந்த உண்ணி முதலில் நம் இந்தியத் தேனீயின் ஒட்டுண்ணி. நம் தேனீ அதோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியது: உடலில் ஏறினால் கடித்து உதறும், உண்ணி ஆண் தேனீ அறைகளில் மட்டுமே பெருகும், உண்ணி மிகுந்த ஆண் புழு செத்தால் பணித் தேனீக்கள் அந்த அறையைத் திறக்காமல் உண்ணியோடு சேர்த்தே மூடிப் புதைத்துவிடும். இத்தாலியத் தேனீக்கு இந்தப் பழக்கம் போதாது. அதன் பணித் தேனீப் புழுக்களிலேயே உண்ணி பெருகி, சிறகு சுருங்கும் வைரஸையும் ஏற்றி, கவனிக்காவிட்டால் கூட்டத்தையே முடித்துவிடும். மலைத் தேனீயிலிருந்து தொற்றும் டிராபிலேலாப்ஸ் என்ற இன்னொரு சிறு உண்ணியும் உண்டு. ஆண்டு முழுவதும் உண்ணிக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பஞ்ச காலத்தில் மூட்டை மூட்டையாகச் சீனி வேண்டும், பூவுள்ள இடத்துக்கு லாரியில் இடம்பெயர வேண்டும். பத்துப் பெட்டி வைத்துத் தோட்டத்தோடு தேனீ வளர்ப்பவருக்கு அது கட்டுப்படியாகாது என்பதே என் எண்ணம். இரண்டையும் அருகருகே வைப்பது எல்லாவற்றையும்விட மோசம். பெரிய இத்தாலியத் தேனீ சிறிய இந்தியத் தேனீயின் பெட்டியைக் கொள்ளையடித்துவிடும்.

வேறு சில குழப்பங்களையும் தீர்த்துவிடுகிறேன். புழு அறை மூடப்படும் முன்பே, சுருண்ட நிலையில் முறுக்கிக்கொண்டு மஞ்சளாகிச் செத்து, புளித்த வாடை அடித்தால் அது ஐரோப்பியப் புழு அழுகல் என்ற பாக்டீரியா நோய். நம் தேனீக்கும் வரும், பசியில் வாடும் கூட்டத்தில் அதிகம். மூடிய அறையில் புழு கூழாகி, தீக்குச்சியைச் செருகி இழுத்தால் பசைபோல் நூலிழுத்தால் அது அமெரிக்கப் புழு அழுகல். அதன் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். அது மட்டும் தெரிந்தால் அடை, சட்டம் எல்லாம் குழிவெட்டி எரிக்க வேண்டும், தாமதிக்காமல் வேளாண் அலுவலருக்கும் சொல்ல வேண்டும். அடையில் வெள்ளைப் பட்டு நூல் சுரங்கம் தெரிந்தால் மெழுகுப்பூச்சியின் புழு. நோயால் ஆள் குறைந்த பெட்டியில் அது பின்னாலேயே வரும். வாரம் ஒருமுறை அடிப்பலகையைத் துடைத்துச் சுத்தம் செய்தால் பாதி குறையும். புழு நன்றாக இருக்க, வளர்ந்த தேனீக்கள் மட்டும் ஒரே நாளில் வாயில் முன் நாக்கை நீட்டியபடி குவிந்து கிடந்தால் நோயைத் தேடாதீர்கள், பக்கத்தில் யார் என்ன மருந்து அடித்தார்கள் என்று விசாரியுங்கள்.

அடுத்த முறை பெட்டி வாங்கும்போது தேன் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதைவிட, மூடிய புழு அடை இடைவெளி இல்லாமல் ஒரே பரப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுநடுவே திறந்த அறைகளும் ஓட்டை விழுந்த மூடிகளும் இருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடலாம். வாங்கியதை உடனே பழைய பெட்டிகளோடு சேர்க்காமல், முடிந்தால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உறவினர் வீட்டுத் தோட்டத்தில் ஆறு வாரம் வைத்திருந்து, அதன் இராணி அங்கே வைத்த முட்டைகள் தேனீயாக வெளிவருவதைப் பார்த்த பிறகு கொண்டுவாருங்கள். சித்திரை, வைகாசிக்குப் பிறகு, தென்மேற்குப் பருவமழையில் பூ இல்லாத மாதங்களில்தான் கூட்டங்கள் மெலிகின்றன. அப்போது தேன் அறையை ஒட்டப் பிழிந்துவிடாமல் அவற்றுக்கென்று கொஞ்சம் விட்டு வைத்தால் ஐப்பசியில் நோயை எதிர்க்க ஆள்பலம் இருக்கும்.

அந்தப் பெட்டியின் தேனைச் சாப்பிடலாம். இந்த வைரஸ் தேனீப் புழுவைத் தாக்குவது, மனிதருக்கு ஒன்றும் செய்யாது. செத்த புழு உள்ள அடையைச் சேர்த்துப் பிழியாமல் தேன் அறையிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய இடத்தில் கேப்ஸ்யூல் கலந்த பாகு வைத்திருந்தார்களா என்று மட்டும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். வைத்திருந்தால் அந்தத் தேனை விற்கவும் வேண்டாம், வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கவும் வேண்டாம். மற்றத் தேனீக்களுக்கும் வைக்க வேண்டாம்.